ஆச்சியின் பெட்டியும் எட்டாம் வகுப்புக் கணக்கும்

டிசம்பர் பிறந்ததும் எங்கள் தென்கடலோர ஊர்களில் பல வீடுகளின் பரணிலிருந்து பழைய பெட்டிகள் கீழே இறங்கும். குடிலில் வைக்கும் பொம்மைகள், மூங்கில் குச்சியில் கட்டிய நட்சத்திரம், லேஸ் வைத்த மேசை விரிப்பு, கதவில் தொங்கவிடும் வெள்ளை நூல் பூக்கள் எல்லாம் அவற்றில் இருக்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு முடிந்ததும் அவை மறுபடியும் பரணுக்கே போய்விடும்.

நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். இந்தப் பெட்டிகளில் உள்ள கைவேலைகளை வகுப்பறைக்குக் கொண்டுவந்தால் கணிதம், அறிவியல், சமூக அறிவியல், தமிழ் ஆகிய நான்கு பாடங்களுக்கும் பொருள் கிடைக்கிறது என்பதைச் சில ஆண்டுகளாகச் செய்து பார்த்துவருகிறேன். அந்த அனுபவத்தைச் சக ஆசிரியர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. மாணவர்களின் வீட்டில் உள்ள பெண்களின் உழைப்பைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டவும் இந்த முயற்சி உதவியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் வந்து சேர்ந்தவை

எடுத்துக்காட்டாக எங்கள் வீட்டுப் பெட்டியையே எடுத்துக்கொள்கிறேன். அதில் நான்கு வகைப் பொருள்கள் உள்ளன. மிகப் பழையது இரண்டு விரற்கடை அகலமுள்ள ஒரு லேஸ் பட்டை. ஆச்சியின் அம்மா செய்தது. அதனுடன் நூல் சுற்றப் பயன்பட்ட சிறு மரக்கட்டைகள் சிலவும் இருக்கின்றன. அடுத்து, ஆச்சி குரோஷா ஊசியால் பின்னிய வெள்ளை நட்சத்திரங்கள். மூன்றாவது, என் அம்மா பூவேலை செய்த மேசை விரிப்பு. அதில் சங்கிலித் தையல், காம்புத் தையல், இறகுத் தையல் மூன்றும் உண்டு. நான்காவது, மாமா ஆண்டுதோறும் தாள் மாற்றி ஒட்டும் மூங்கில் நட்சத்திரச் சட்டம்.

வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரியும். கட்டைகளில் நூல் சுற்றி லேஸ் பின்னத் தெரிந்தவர் ஆச்சியின் அம்மா மட்டுமே. ஆச்சிக்குக் குரோஷா தெரியும், லேஸ் தெரியாது. அம்மாவுக்குப் பூவேலை தெரியும், குரோஷா கொஞ்சம் வரும். என் தலைமுறைக்குப் பொருள்கள் வந்து சேர்ந்தன, கைப்பழக்கம் வந்து சேரவில்லை. பெரும்பாலான வீடுகளில் இதுதான் நிலை. பொருளைப் பாதுகாக்கப் பெட்டி போதும். செய்முறையைப் பாதுகாக்க, கேட்பதற்கும் எழுதிவைப்பதற்கும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நம் மாணவராக இருக்கலாம்.

நூலுக்குப் பின்னால் ஒரு வரலாறு

தென் தமிழகத்தில் லேஸ் பின்னல் பரவியதற்குத் தெளிவான வரலாறு உண்டு. இலண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட், அவருடைய மனைவி மார்த்தா மால்ட் இருவரும் 1819ஆம் ஆண்டின் இறுதியில் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. மார்த்தா மால்ட் அங்கிருந்த பெண்கள் விடுதிப் பள்ளியில் எழுத்துடன் லேஸ் பின்னலையும் கற்றுக்கொடுத்தார். லேஸ் விற்ற பணம் பள்ளியை நடத்தவும் உதவியது. அவர்களுடைய மகள் எலிசா, 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றார். அங்கும் பெண்களுக்கான பள்ளியும் லேஸ் வேலையும் தொடங்கின.

கால்டுவெல்லை நம் மாணவர்களுக்குத் தெரியும். 1856இல் வெளிவந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைப் பற்றி நாம் பாடம் நடத்துகிறோம். அதே இடையன்குடியில் பெண்கள் கையில் வளர்ந்த லேஸைப் பற்றி வகுப்பில் பேசுவது அரிது.

அந்தக் காலத்தின் சமூக நிலையையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த வரலாறு முழுமையாகும். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அதற்கு முன்பு, லேஸ் பின்னிச் சேர்த்த கூலியைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்ததாக மிஷன் குறிப்புகள் சொல்கின்றன. தோள்சீலை உரிமைக்கான போராட்டமும் இதே பத்தாண்டுகளில்தான் நடந்தது. 1859இல்தான் மேலாடை அணியும் உரிமைக்கான அரச அறிவிப்பு வந்தது. மேலாடை அணியவே போராட வேண்டியிருந்த ஊரில், துணிக்கு ஓரம் பின்னிச் சம்பாதித்த பெண்களும் இருந்தார்கள். இதை மாணவர்களிடம் சொன்னால், ஒரு லேஸ் துண்டை அவர்கள் வெறும் அலங்காரமாகப் பார்க்க மாட்டார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கற்றுக்கொடுத்தவர்களின் பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. பின்னியவர்களின் பெயர்கள் அநேகமாக எங்கும் இல்லை. லேஸில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை.

நான்கு நூல், இரண்டு அசைவு

இனி கணக்குக்கு வருவோம். கட்டை லேஸ் பின்ன ஒரு திண்டு வேண்டும். அதன் மேல் மாதிரித்தாளை வைத்துக் குண்டூசிகள் குத்துவார்கள். நூல் சுற்றிய கட்டைகள் இரண்டிரண்டாகத் தொங்கும். அகலமான வேலைக்குப் பல ஜோடிகள் தேவை. பார்ப்பதற்குத் தலைசுற்றும். ஆனால் ஒரு நேரத்தில் கையில் இருப்பவை நான்கு நூல்கள் மட்டுமே, செய்யும் அசைவுகளும் இரண்டே. வகுப்பில் அவற்றுக்குக் குறுக்கு, முறுக்கு என்று பெயர் வைத்திருக்கிறேன்.

குறுக்கு: நடுவில் உள்ள இரண்டு நூல்களில் இடப்பக்கத்து நூல் வலப்பக்கத்து நூலின் மேலாகச் செல்லும்.

முறுக்கு: ஒவ்வொரு ஜோடியிலும் வலப்பக்கத்து நூல் இடப்பக்கத்து நூலின் மேலாகச் செல்லும்.

இதைச் செய்து பார்க்க நான்கு நிறக் கயிறுகள் போதும். ஒரு முனையைச் சன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை நான்கு மாணவர்கள் பிடித்துக்கொள்ளட்டும். அவர்களை அ, ஆ, இ, ஈ என்று அழைப்போம். மற்றவர்கள் ஒவ்வொரு அசைவுக்குப் பிறகும் வரிசையைக் கரும்பலகையில் எழுத வேண்டும்.

தொடக்கம்: அ ஆ இ ஈ
குறுக்கு: அ இ ஆ ஈ
முறுக்கு: இ அ ஈ ஆ
குறுக்கு: இ ஈ அ ஆ
முறுக்கு: ஈ இ ஆ அ

மூன்றாவது அசைவில் நிறுத்தினால் இடப்பக்கத்து ஜோடி அப்படியே வலப்பக்கம் வந்திருக்கும், வலப்பக்கத்து ஜோடி இடப்பக்கம் போயிருக்கும். நெய்த துணி போன்ற நெருக்கமான பின்னல் இந்த மூன்று அசைவில் உருவாவதுதான். நான்காவது அசைவையும் செய்தால் வரிசை தலைகீழாகிறது. “இன்னும் எத்தனை அசைவில் பழைய வரிசை வரும்?” என்று கேளுங்கள். மேலும் நான்கு அசைவுகளில் வந்துவிடும். மாணவர்கள் முதலில் ஊகிக்கட்டும், பிறகு கயிற்றைக் கொண்டு சரிபார்க்கட்டும். வரிசை மாற்றம், சுழற்சி, படிமுறை ஆகிய கருத்துகள் எந்த வரையறையும் சொல்லாமலே அவர்களுக்குப் பிடிபடுகின்றன. கணினிக் கட்டளை எழுதுவது என்பதும் இதுதான் என்று பின்னர் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள்.

என் வகுப்பில் இந்தச் செயல்பாட்டை முதலில் பிடித்துக்கொண்டவன் ஒரு மாணவன். அவன் அப்பா கடற்தொழில் செய்பவர். கிழிந்த வலையைச் சரிசெய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். நூல் மேலே போகிறதா, கீழே போகிறதா என்று பார்க்கும் கண் அவனுக்கு ஏற்கெனவே இருந்தது. ஊசியும் நூலும் பெண் பிள்ளைகளின் வேலை என்ற பேச்சு அந்த வகுப்பில் அன்றோடு நின்றது.

வட்டம் ஏன் தட்டையாக நிற்கிறது?

ஆச்சியின் குரோஷா நட்சத்திரங்கள் நடுவிலிருந்து வட்டமாகத் தொடங்குகின்றன. அகலமும் உயரமும் ஏறத்தாழ ஒன்றாக உள்ள சிறு பின்னலாக இருந்தால், முதல் சுற்றில் 6, அடுத்து 12, பிறகு 18, 24 என்று போகும். ஒவ்வொரு சுற்றிலும் 6 கூட வேண்டும். ஆச்சிக்கு இது மனப்பாடம். காரணம் கேட்டால், “இல்லாட்டி கிண்ணம் மாதிரி குழிஞ்சிரும்” என்பார்.

காரணம் வட்டத்தின் சுற்றளவுச் சூத்திரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றும் ஆரத்தில் ஒரு பின்னலின் உயரத்தைக் கூட்டுகிறது. ஆரம் 1 கூடினால் சுற்றளவு 2π, அதாவது சுமார் 6.28 கூடும். ஆகவே சுற்றுக்கு 6 பின்னல்கள் கூட்டினால் துணி ஏறக்குறையத் தட்டையாக நிற்கும். பின்னலின் உயரம் அகலத்தைப் போல் இரு மடங்கானால் 12 கூட்ட வேண்டும். கூட்டாமல் விட்டால் குழிந்து கிண்ணமாகும். தேவைக்கு மேல் கூட்டினால் ஓரம் அலை அலையாகச் சுருங்கும்.

எட்டாம் வகுப்பில் இதை வட்டத்தின் சுற்றளவுக்கும், பத்தாம் வகுப்பில் கூட்டுத் தொடர்வரிசைக்கும் பயன்படுத்தலாம். n சுற்றுகளில் மொத்தப் பின்னல்கள் 3n(n+1). பத்துச் சுற்று நட்சத்திரத்துக்கு 330 பின்னல்கள். ஒரு பெட்டி நிறைய நட்சத்திரங்கள் செய்ய எத்தனை ஆயிரம் முறை ஊசி நுழைந்திருக்கும் என்று மாணவர்களே கணக்கிடுவார்கள்.

ஓரம் அலையாகும் அந்தப் பின்னலுக்கும் கணிதத்தில் மதிப்பான இடம் உண்டு. லாட்வியாவில் பிறந்த கணிதவியலாளர் டைனா டைமினா, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1997இல் குரோஷா பின்னலைக் கொண்டுதான் அதிபரவளையத் தளத்துக்குக் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய மாதிரியைச் செய்தார். படத்தில் காட்டக் கடினமானதைக் குரோஷா ஊசி காட்டிவிட்டது.

ஐந்து குச்சியில் ஒரு நட்சத்திரம்

வாசலில் தொங்கும் மூங்கில் நட்சத்திரமும் நல்ல வடிவியல் கருவி. 50 செ.மீ. நீளமுள்ள ஐந்து குச்சிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் இரு முனைகளிலிருந்தும் 19.1 செ.மீ. தொலைவில் குறியிடுங்கள். அந்தக் குறிகளில் குச்சிகள் ஒன்றையொன்று வெட்டுமாறு, ஒன்று மேலே, அடுத்தது கீழே என்று மாற்றி மாற்றிக் கோத்து முனைகளைக் கட்டினால் ஒழுங்கான ஐந்துமுனை நட்சத்திரம் கிடைக்கும். நடுத்துண்டு 11.8 செ.மீ. இருக்கும். 19.1ஐ 11.8ஆல் வகுத்தால் சுமார் 1.618. தங்க விகிதத்தை மாணவர்கள் அளவுகோலால் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு முனையிலும் கோணம் 36 பாகை. ஐந்தையும் கூட்டினால் 180.

இதைப் போல் இரண்டு செய்து, முனைகளைச் சேர்த்துக் கட்டி, உள்ளே ஐந்து வெட்டுமூலைகளிலும் சிறு குச்சிகளை முட்டுக் கொடுத்தால் நட்சத்திரம் உப்பி நிற்கும். தாள் ஒட்டி உள்ளே விளக்குப் போடலாம். ஜெர்மனியில் இன்றும் புகழ்பெற்ற பல முனைக் கிறிஸ்துமஸ் நட்சத்திரம்கூட, நீஸ்கி என்ற ஊரின் விடுதிப் பள்ளியில் 1830களில் மாணவர்களின் வடிவியல் பயிற்சியாகத்தான் தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது.

கஞ்சியும் ராமபாணப் பூச்சியும்

குரோஷா நட்சத்திரம் விறைப்பாக நிற்கச் சோற்றுக் கஞ்சியில் முக்கி, பலகையில் இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைப்பார்கள். சூடான நீரில் மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிப் பசையாகின்றன. காய்ந்ததும் இழைகளுக்கிடையே மெல்லிய படலமாகப் பிடித்துக்கொள்கின்றன. பருத்தியின் செல்லுலோஸும் கஞ்சியின் மாவுச்சத்தும் குளுக்கோஸ் மூலக்கூறுகளால் ஆனவையே. அதனால் இரண்டும் நன்றாக ஒட்டிக்கொள்கின்றன. அறிவியல் ஆசிரியர் அயோடின் கரைசலை ஒரு புதிய நூல் துண்டில் சொட்டி, நீலக் கருப்பு நிறத்தைக் காட்டலாம். பழைய பொருளில் செய்ய வேண்டாம்.

அதே கஞ்சிதான் ராமபாணப் பூச்சிக்கு உணவு. ஆகவே எடுத்துவைக்கும் முன் கஞ்சி போகும்படி அலசி, நன்றாகக் காயவைக்க வேண்டும். குண்டூசிகளை நீக்கிவிட வேண்டும், துரு பிடித்தால் கறை போகாது. பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கும், துவைத்த பழைய பருத்தித் துணியில் சுற்றுவது நல்லது. ஆண்டுதோறும் மடிப்பை மாற்றி மடித்தால் ஒரே இடத்தில் நூல் இற்றுப்போகாது. இந்த நான்கு குறிப்புகளையும் மாணவர்கள் வீட்டில் போய்ச் சொன்னதாகப் பல பெற்றோர் என்னிடம் கூறியிருக்கிறார்கள்.

செய்தவர் யார்?

இப்போது நான் முக்கியமாகக் கருதும் பகுதிக்கு வருகிறேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம், “அம்மா என்ன வேலை பார்க்கிறாங்க?” என்று கேட்டேன். “வீட்டுல சும்மாதான் இருக்காங்க டீச்சர்” என்றாள். வகுப்பில் பாதிப் பேர் இதே பதிலைத்தான் சொன்னார்கள்.

அந்த அரையாண்டு விடுமுறைக்கு ஒரு சிறு பணி கொடுத்தேன். வீட்டில் கையால் செய்த ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து ஆறு கேள்விகளுக்கு விடை எழுதிவர வேண்டும்.

1. இது என்ன? உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வார்கள்?
2. செய்தவரின் முழுப் பெயர் என்ன?
3. அவர் யாரிடம், எந்த வயதில் கற்றார்?
4. எந்தப் பொருளால், எந்தக் கருவியால், எத்தனை மணி நேரத்தில் செய்தார்?
5. விற்றதுண்டா? கூலி எவ்வளவு?
6. இப்போது யாருக்கு இதைச் செய்யத் தெரியும்?

இரண்டாவது கேள்விக்குத்தான் பலர் தடுமாறினார்கள். “ஆச்சி”, “பெரியம்மா”, “தாத்தாவோட அம்மா” என்றுதான் தெரிந்திருந்தது. பெயரை விசாரித்து எழுதினார்கள். எங்கள் வீட்டு லேஸ் பட்டைக்கு நானும் அதே தாளை நிரப்பினேன். ஆச்சியுடைய அம்மாவின் பெயரை என் அம்மா உடனே சொல்லிவிட்டார். “இத்தனை வருசத்துல யாரும் கேக்கலியே” என்றார்.

நான் சொன்ன மாணவி கொண்டுவந்த தாளில் அம்மா செய்யும் ஆரி வேலை இருந்தது. கடைக்காரர் கொடுக்கும் ஜாக்கெட் கைகளில் மணி, ஜரிகை வைத்துத் தைக்கிறார். ஒரு ஜோடிக் கைகளுக்கு 11 மணி நேரம் என்று கடிகாரத்தைப் பார்த்து அவளே குறித்திருந்தாள். கூலியை மணியால் வகுத்துப் பார்த்தாள். பிறகு வகுப்பு முழுவதும் அதைப் பற்றிப் பேசியது. மணிக்கு இவ்வளவுதானா, கடையில் அதே வேலைக்கு என்ன விலை, நடுவில் யாருக்குப் போகிறது என்று கேள்விகள் வந்தன. அடுத்த முறை விவரப் படிவம் நிரப்பியபோது “அம்மாவின் தொழில்” என்ற இடத்தில் “ஆரி வேலை” என்று எழுதினாள். எழுதும்போது யாரையும் கேட்கவில்லை.

எல்லா வீட்டுக்கும் இடம்

கிறிஸ்துமஸ் பொருள்கள் எங்கள் ஊருக்குப் பொருந்துகின்றன. உங்கள் ஊரில் வேறு இருக்கும். மார்கழியில் அம்மா கைக்கு வந்த கோல நோட்டு, செட்டிநாட்டு ஓலைக் கொட்டான், கொலுப் பொம்மைக்குத் தைத்த பட்டுத்துணி, குழந்தைக்குப் பழஞ்சேலையில் தைத்த மெத்தை எல்லாம் இதே வகைதான். நீலகிரியின் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணியே சிவப்பு, கருப்பு நூலால் பூவேலை செய்கிறார்கள். படம் வரைந்துகொள்வதில்லை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வேலைப்பாடு, எண்ணிக்கைக்கும் சமச்சீருக்கும் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு.

நடைமுறையில் சிலவற்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். பழைய பொருளைப் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். தொலைந்தால் ஈடுசெய்ய முடியாது. படமோ வரைபடமோ போதும். பரம்பரைப் பொருள் இல்லாத வீடுகள் உண்டு. அந்தப் பிள்ளைகள் கூச்சப்படாமலிருக்க, ஒட்டுப்போட்ட பையும் கிழிசல் தைத்த சீருடையும் கைவேலைதான் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். தொடக்க வகுப்புகளில் கேள்விகளை மூன்றாகக் குறைத்து, விடையைப் படமாக வரையச் சொல்லலாம். தையல் ஆசிரியர் உள்ள பள்ளிகளில் அவரே இதற்குத் தலைமை ஏற்பது சிறப்பு. விவரம் தெரிந்த பாட்டி ஒருவரை ஒரு பாடவேளைக்கு அழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். அவரும் அன்று ஓர் ஆசிரியர்.

பணி முடிந்ததும் என் மாணவர்கள் ஒன்று செய்கிறார்கள். விரல் அகல வெள்ளைத் துணிப்பட்டையில் செய்தவரின் பெயர், ஊர், தெரிந்தால் ஆண்டு ஆகியவற்றை எழுதி, ஓடுதையலால் அந்தப் பொருளின் பின்பக்க ஓரத்தில் இரண்டே இடத்தில் தைத்துவைக்கிறார்கள். ஓடுதையல் போட ஒரு பாடவேளையில் கற்றுக்கொடுத்துவிடலாம். அடுத்த தலைமுறையில் அந்தப் பெட்டியைத் திறப்பவருக்கு, பொருளைச் செய்தவர் இன்னார் என்று தெரிந்திருக்கும்.